நான்கு நிமிடப் படமும் ஒன்றரை மணி நேர வகுப்பும்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் இரும்புச் சாமான் கடையொன்றின் மேல்மாடியில், சனிக்கிழமைதோறும் காலை எட்டரை மணி முதல் பத்து மணி வரை நடக்கும் சிறுவர் ஆங்கில வகுப்பொன்றுக்கு என் மகளையும் தங்கையின் மகனையும் கடந்த ஒன்பது மாதங்களாக அழைத்துச் சென்று வருகிறேன். மகள் தரம் 3இலும் மருமகன் தரம் 4இலும் படிக்கிறார்கள். தொலைக்காட்சி, பாட்டு, ஒலிப்பதிவு, கைத்தொலைபேசி ஆகியவற்றைக் கொண்டே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப்படும் என்று பேருந்து நிலையத்தில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டிருந்தார்கள். அது எந்த அளவுக்கு நடந்தது, எங்கே சறுக்கியது என்பதை, பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதாலும், சிறிய ஊரில் ஒருவருடைய பிழைப்பு ஒரு வார்த்தையில் கெட்டுவிடும் என்பதாலும் வகுப்பின் பெயரை எழுதவில்லை.

நான் தோட்டப் பாடசாலையொன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியன். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிற்சி பெற்றவன். ஆனால் ஆங்கில ஆசிரியன் அல்லன். என்னிடம் இருப்பது வாசிக்கிற ஆங்கிலம். யாராவது பேசினால் பாதி புரியும், பதில் சொல்வதற்குள் அவர் போய்விடுவார். பாடத்திட்டப்படி தரம் 1, 2இல் விளையாட்டோடும் செயற்பாட்டோடும் சேர்ந்த வாய்மொழி ஆங்கிலமும், தரம் 3 முதல் தனிப்பாடமாக ஆங்கிலமும் வருகின்றன. ஆங்கில ஆசிரியர் நியமனம் இல்லாத பாடசாலையில் அந்தப் பாடவேளை சித்திரத்துக்கோ கணிதத்துக்கோ போய்ச் சேரும். என் பிள்ளைக்கும் அதுதான் நடந்தது. என் பாடசாலையில் வகுப்பாசிரியனாகச் சில வேளைகளில் நானே அதைச் செய்திருக்கிறேன் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

வகுப்பில் சேர்ப்பதற்கு முன் என் மகளுக்கு ஆங்கிலம் வரும் என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மூத்தவனின் பாடங்களுக்காக வாங்கிய கைத்தொலைபேசி, அவன் பாடம் முடிந்ததும் மூன்று வயது மகளின் கைக்குப் போனது. ஐந்து வயதாகும்போது இருபது ஆங்கிலச் சிறுவர் பாடல்களுக்குக் குறையாமல் பாடுவாள். வெள்ளைக்காரப் பிள்ளை பாடுவது போலவே இருக்கும். உறவுக்காரர்கள் வந்தால் பாடச் சொல்வோம். ஒரு நாள் ஹட்டன் ரயில் நிலையத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண் அவளிடம் பெயர் கேட்டார்; அவள் என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டாள். கூச்சம் என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து, அவள் பாடும் பாட்டிலிருந்தே இரண்டு சொற்களை எடுத்துப் பொருள் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. அவளுக்குப் பாட்டு தெரியும், சொல் தெரியாது. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதுகூடத் தெரியாது.

இது என் மகளின் குறையன்று என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்க ஆய்வாளர் பட்ரிசியா குல்லும் அவருடன் இருந்தவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலரிடம் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து பன்னிரண்டு தடவைகள் கதை சொல்லி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழிக்குரிய ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பொருட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் என்று மாற்றியபோது எதுவும் படியவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. வயது கூடக்கூடப் பிள்ளைகள் திரையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் திரைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே எனக்கு விழுந்துவிட்டது. அந்த எண்ணத்தோடுதான் இந்த வகுப்பைப் போய்ப் பார்த்தேன்.

வகுப்பறை ஆடம்பரமானதன்று. முப்பத்திரண்டு அங்குலத் தொலைக்காட்சி ஒன்று, அதன் பின்னால் செருகிய பென் டிரைவ், ஒரு சிறிய ஸ்பீக்கர், தரையில் பாய். நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெற்றோர் விரும்பினால் பின்னால் உட்காரலாம். இதை நான் பெரிய தகுதியாகக் கருதுகிறேன். பாடம் நடத்துபவர் கொட்டகலைப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும்.

முதற் சனிக்கிழமை அவர் நான்கு நிமிடக் கார்ட்டூன் ஒன்றைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார். என்ன நடந்தது என்று தமிழில் கேட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பிறகு சத்தத்தோடு ஒரு முறை. பிறகு ஒவ்வோர் இடமாக நிறுத்தி, திரையில் இருக்கும் வாளியையும் கதவையும் குடையையும் சுட்டி, அறையிலிருக்கும் வாளியையும் கதவையும் குடையையும் தொடவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் அதே படம். அதற்கடுத்ததும் அதே படம். நான்காம் வாரம் பிள்ளைகள் எழுந்து அதை நடித்தார்கள், தொலைக்காட்சி அணைந்திருந்தது. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு நான்கு நிமிடப் படம்.

மூன்றாம் வாரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டாயிரம் ரூபா வாங்கிட்டு ஒரே படத்தையே போடுறீங்களே டீச்சர்" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வீட்டுல ஒரே பாட்டை நூறு தரம் கேக்கிற பிள்ளைக்கு இங்க நாலு தரம் பார்த்தா அலுக்காது சேர். உங்களுக்குத்தான் அலுக்குது" என்றார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மற்றத் தகப்பன்மார் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

இந்த வகுப்பின் மிகச் சிறந்த பகுதி பாடத்திலோ படத்திலோ இல்லை, ரிமோட்டில் இருக்கிறது. இரண்டாம் வாரத்திலிருந்து ரிமோட்டை ஆசிரியை வைத்துக்கொள்வதில்லை. ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். மற்றப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொன்னால்தான் அந்தப் பிள்ளை பொத்தானை அழுத்தலாம். நிறுத்து, பின்னால் போ, இன்னொரு தரம், சத்தத்தைக் கூட்டு: 'ஸ்டொப்', 'கோ பெக்', 'வன்ஸ் மோர்', 'லவுடர்'. தமிழில் கத்தினால் படம் ஓடிக்கொண்டே இருக்கும். பொகவந்தலாவைப் பாதையிலிருந்து வரும் ஒரு சிறுவன் ஐந்து வாரம் வாயே திறக்கவில்லை. ஆறாம் வாரம், படத்தில் நாய் சேற்றில் விழும் இடம் தாண்டிப் போய்விட்டது; அவனுக்கு அது மறுபடி வேண்டும். எழுந்து நின்று 'கோ பெக்' என்றான். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவன் உட்கார்ந்துவிட்டான், ஆனால் படம் பின்னால் போயிற்று. தன் வார்த்தைக்கு ஒரு பெட்டி கட்டுப்பட்டதை அவன் அன்றுதான் பார்த்தான். மனப்பாடம் செய்த சொல்லுக்கும் தேவைப்பட்டுச் சொன்ன சொல்லுக்கும் உள்ள தூரத்தை, பயிற்சிக் கல்லூரியில் படித்ததைவிட அந்த ஒரு நிமிடத்தில் நன்றாக அறிந்துகொண்டேன்.

பிள்ளைகளைக் கட்டளை கேட்டு உடம்பை அசைக்கவைத்து, பேச்சைப் பிறகு தானாக வரவிடும் முறையை 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்தார். நில், நட, கதவைத் தொடு என்பவை அதன் வழக்கமான பாடங்கள். இந்த ஆசிரியை அதையே தலைகீழாக்கி, கட்டளையிடும் உரிமையைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார். அவர் ஆஷரை வாசித்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

அவருடைய இன்னொரு பழக்கமும் கண்ணில் பட்டது. படம் ஓடும்போது அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. பிள்ளைகளின் கண்களைத்தான் பார்ப்பார். 1969 நவம்பர் 10ஆம் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள், பகுதிகளை ஒளிபரப்புமுன் சிறு பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, தொலைக்காட்சியின் பக்கத்தில் வேறு படங்களையும் மாறிமாறி வரவிட்டு, எந்த இடத்தில் பிள்ளையின் கண் விலகுகிறது என்று குறித்துக்கொண்டார்களாம். கண் விலகும் இடங்களைத் திருத்தினார்கள். அவ்வளவு செலவு செய்து கண்டதை இங்கே ஒருவர் சும்மா பார்த்தே கண்டுபிடிக்கிறார். கண் விலகினால் படம் நின்றுவிடும்.

ஒலியைக் கற்பிக்கும் விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒலிப்பதிவின் தேவை தமிழ்ப் பிள்ளைக்கு வேறெவரையும்விடக் கூடுதல் என்பது என் எண்ணம். நம் எழுத்தில் ஒரே ஒரு 'ப' இருக்கிறது. பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், பெரியது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்' தான். நான் படித்த காலத்தில் முப்பது நாளில் ஆங்கிலம் பேசலாம் என்று விற்ற புத்தகங்களெல்லாம் இப்படித் தமிழில் எழுதியே உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தன. அந்தப் புத்தகத்தை நம்பியவன் 'பிக் பிக்' என்று சொன்னால் அவன் சொல்வது பெரிய பன்றியா, பன்றிப் பன்றியா, பெரிய பெரியதா என்று கேட்பவருக்குத் தெரியாது. எழுத்து வழியாக இதைத் தீர்க்க முடியாது. காது வழியாகத்தான் முடியும்.

ஆசிரியை இதற்குக் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. பலகையில் 'பாம்பு' என்று எழுதினார். மெதுவாகச் சொல்லச் சொன்னார். முதலில் வரும் பகரம் ஒரு மாதிரி, மகர ஒற்றுக்குப் பின்னால் வரும் பகரம் வேறு மாதிரி. நாம் பிறந்தது முதல் இரண்டையும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எழுத்து ஒன்றாக இருப்பதால் காது கவனிக்கவில்லை. "பன்றி பாம்பின் தலை, பெரியது பாம்பின் வால்" என்று ஒரு விதி செய்தார். ஒலிப்பதிவில் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். தலை என்றால் பிள்ளைகள் தலையில் கைவைக்க வேண்டும், வால் என்றால் முதுகுக்குப் பின்னால் கையை ஆட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் அறை முழுவதும் வால் ஆடியது. இலக்கண நூலார் வல்லெழுத்தென்றும் மெல்லெழுத்தென்றும் பிரித்து வைத்ததற்கு இப்படியொரு பயன் இருக்குமென்று எனக்குத் தோன்றியதில்லை. வீட்டில் இப்போது மகள் என்னைத் திருத்துகிறாள்: "அப்பா, நீங்க தலையில சொல்றீங்க, வால்ல சொல்லுங்க."

மேற்பல் கீழுதட்டில் படவேண்டிய ஒலிக்கு அவர் கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவைக் கண்ணாடியாகப் பயன்படுத்தினார். பேசுபவரின் வாய் பெரிதாகத் தெரியும் ஒரு காணொளித் துண்டைப் போட்டு நிறுத்தி, பிள்ளை தன் உதட்டைக் கமராவில் பார்த்து ஒப்பிட வேண்டும். மீனைக் குறிக்கும் சொல்லை 'பிஷ்' என்று சொல்லிக்கொண்டிருந்த மருமகன் இரண்டு வாரத்தில் மாறிவிட்டான். முட்டையை 'யெக்' என்று சொல்வது மட்டும் இன்னும் போகவில்லை. அது எனக்கும் போகவில்லை.

இதே ஒலிப் பகுதியில் ஒரு வீண்செலவும் நடந்தது. கப்பலையும் செம்மறியாட்டையும் குறிக்கும் சொற்களை வேறுபடுத்த இரண்டு சனிக்கிழமைகள் போயின. குறிலும் நெடிலும் தாய்ப்பாலோடு வந்த பிள்ளைகளுக்கு 'ஷிப்', 'ஷீப்' என்பதில் என்ன சிக்கல்? முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வாங்கி வைத்திருக்கும் ஒலிப்பதிவுத் தொகுப்பில் அதற்கு இரண்டு பாடங்கள் இருந்தன, ஆகவே இரண்டு பாடங்களும் நடந்தன. அந்தத் தொகுப்பு உலகத்துப் பிள்ளைகள் எல்லாருக்குமாகச் செய்யப்பட்டது. தமிழ்க் காதுக்கு எது எளிது, எது கடினம் என்று அதற்குத் தெரியாது. ஆசிரியைக்குத் தெரியும், அன்று அவர் தொகுப்பை மீறவில்லை.

மழையைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. மேல்மாடிக்குத் தகரக் கூரை. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் வந்து மோதும் ஜூன், ஜூலை மாதங்களில் அந்தக் கூரையின்கீழ் ஒருவர் காதோடு ஒருவர் பேசினாலும் கேட்காது. ஸ்பீக்கர் உச்சத்தில் வைத்தாலும் இரைச்சல்தான். ஒலியை நம்பி நடக்கும் வகுப்பு இத்துடன் போயிற்று என்று நினைத்தேன். அவர் சத்தத்தை முற்றாக அணைத்துவிட்டார். ஏற்கெனவே மூன்று வாரம் பார்த்த படம். பிள்ளைகள் இரண்டு பிரிவாகத் தொலைக்காட்சியின் இருபுறமும் நின்று, பாத்திரங்களுக்கு அவர்களே குரல் கொடுத்தார்கள். மழையைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்பதால் எல்லாரும் கத்தினார்கள். கூச்சப்படும் பிள்ளையும் கத்தினான், ஏனென்றால் தன் குரல் தனியாகத் தெரியாது. அந்த மழை மாதங்களில் பிள்ளைகள் பேசிய ஆங்கிலம், வெயில் காலத்தில் பேசியதைவிட அதிகம். மின்சாரம் போன நாட்களில் மட்டும் வகுப்பு உண்மையாகவே படுத்துவிட்டது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்டில், மின்சாரமில்லாத சனிக்கிழமைக்கென்று ஒரு பாடம் எழுதி வைத்திருக்க வேண்டாமா?

படங்களின் உள்ளடக்கம் பற்றி எனக்குக் கலப்பான அபிப்பிராயம். பனி பெய்கிறது, பிள்ளைகள் பனிமனிதன் செய்கிறார்கள், அப்பா காரில் பெரிய கடைக்குப் போய்த் தள்ளுவண்டியை நிறைக்கிறார், ஆளுக்கொரு படுக்கையறை. லயக்காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், ஐந்து பேர் படுக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை அந்தப் படுக்கையறையைப் பார்த்து என்ன நினைக்கும் என்று நான் யோசித்தேன். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு படத்தில் எல்லாரும் தேநீர் குடித்தபோதுதான் சலசலப்பு எழுந்தது. கோப்பையில் இருப்பது எங்கள் தோட்டத்துத் தேயிலையாக இருக்குமா என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆசிரியை படத்தை நிறுத்தி, இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசவைத்தார்: யார் பறித்தார், எங்கே வாடவைத்தார்கள், எப்படிப் போயிற்று. சொற்கள் எல்லாம் பிள்ளைகளிடமே இருந்தன. 'லயன்', 'ஸ்டோர்', 'ரோலர்', 'லொறி' என்று தோட்டத்துத் தமிழில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் பலகையை நிறைத்தன. 'கொந்தரப்பு' என்று ஒரு பையன் சொன்னபோது, அதுவும் 'கொன்ட்ரக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்து உருமாறியது என்று கேட்டு எல்லாருக்கும் வியப்பு. பாட்டன், பூட்டன் காலத்திலேயே, காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கேட்டுக் கேட்டு நாவுக்கேற்றபடி வளைத்துக்கொண்ட சொற்கள் அவை. அவர்களுக்குப் பென் டிரைவும் இல்லை, ரிமோட்டும் இல்லை.

அன்றைக்குப் பிறகு அவர் மாதத்தில் ஒரு வாரத்தைப் பிள்ளைகளின் சொந்த ஒலிப்பதிவுக்கு ஒதுக்கினார். வீட்டில் யாருடைய கைத்தொலைபேசியிலாவது முப்பது விநாடி பேசி வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்: இது என் வீடு, இது என் ஆட்டுக்குட்டி, அம்மா மலைக்குப் போகிறார். வகுப்பில் அவற்றை ஸ்பீக்கரில் போட்டு, யாருடைய குரல், பின்னால் கேட்கும் சத்தம் என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்வார். சேவல் கூவுவதும் சங்கு ஊதுவதும் கோயில் மணியும் அதில் கேட்கும். என் மகள் அந்த முப்பது விநாடிக்காகப் பதினோரு தடவை பதிவு செய்து பதினோரு தடவை அழித்தாள். எந்தக் கார்ட்டூனும் அவளைப் பதினோரு தடவை ஒரே வாக்கியத்தைச் சொல்லவைத்ததில்லை.

இனிக் குறைகள்.

முதலாவதும் பெரியதும்: எல்லாமே அந்த ஓர் ஆசிரியையில் தங்கியிருக்கிறது. ஓகஸ்டில் அவர் ஐந்து வாரம் விடுமுறை போனார். பதிலுக்கு வந்த இளைஞருக்குப் பேச்சு ஆங்கிலம் அவரைவிட நன்றாக வரும். ஆனால் அவர் வந்ததும் தொலைக்காட்சியைப் போட்டார், ஒரு மணி நேரம் ஓடவிட்டார், வாசலில் நின்று தொலைபேசி பார்த்தார். ஒவ்வொரு வாரமும் புதுப்படம். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, புதுப்படம் போடுகிறார்களென்று சில பெற்றோருக்கும் மகிழ்ச்சி. அந்த ஐந்து வாரத்தில் என் பிள்ளைகள் புதிதாக என்ன சொன்னார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரே தொலைக்காட்சி, ஒரே அறை, ஒரே கட்டணம். கட்டணத்தில் பாதியையாவது திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

இரண்டாவது, வீட்டுப்பாடச் செயலி. வகுப்போடு சேர்த்து ஒரு செயலியைத் தரவிறக்கச் சொன்னார்கள். சரியான படத்தைத் தொட்டால் காசு விழும் சத்தம் கேட்கும். காசு சேர்ந்தால் பொம்மைக்குச் சட்டை வாங்கலாம். மருமகன் ஒரு வாரத்தில் முந்நூறு காசு சேர்த்தான். எப்படி என்று பார்த்தால், நான்கு படங்களையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போகிறான். தவறுக்குத் தண்டனை இல்லை. காதால் கேட்காமலே வெல்லக்கூடிய விளையாட்டு அது. போதாததற்கு டேட்டா வேண்டும், கைத்தொலைபேசி வேண்டும். பகலில் தொலைபேசி தகப்பனோடு கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட வீடுகளும், சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறவேண்டிய தோட்டங்களும் இங்கே இருப்பதை நடத்துபவர்கள் அறியாதவர்களல்லர். பாடத்தின் ஒலியை பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள் என்று பலமுறை சொன்ன பிறகு, மூன்றாம் மாதத்திலிருந்து கொடுக்கிறார்கள். அதை வீட்டு ரேடியோப் பெட்டியில் செருகி, சமையல் நடக்கும்போது ஓடவிடுகிறோம். படமில்லாமல் கேட்பது செயலியைவிட நூறு பங்கு மேல்.

மூன்றாவது, நான்கு வயதுப் பிள்ளைகளையும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளை ஒரு நாளில் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு மணிக்கு மேற்படக் கூடாது, குறைவாக இருந்தால் நல்லது. அந்தச் சிறுசுகள் ஒன்றரை மணி நேரம் பாயில் நெளிகின்றன. பதினெட்டாக இருந்த எண்ணிக்கை இருபத்தாறாகிவிட்டதால் ரிமோட் ஒரு பிள்ளையின் கைக்கு வர இரண்டு மாதம் ஆகிறது.

ஆண்டு விழாவுக்காக ஆறு வாரம் ஒரே பாட்டை மனப்பாடம் செய்ய வைத்ததைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. மேடையில் பிள்ளைகள் அழகாக இருந்தார்கள்.

திரையில் எழுத்து வருவது பற்றிச் சிலர் கேட்டார்கள். இங்கே தமிழ் எழுத்தை ஒருபோதும் காட்டுவதில்லை. கண் தமிழுக்குப் போனால் காது மூடிக்கொள்ளும் என்பது அவர்கள் காரணம், அதை ஏற்கிறேன். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு மூன்றாம் வாரத்தில் மட்டும் ஆங்கில எழுத்து வரும். கேட்கும் மொழியிலேயே எழுத்தும் ஓடினால் வாசிப்பு வளரும் என்ற எண்ணத்தில், இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி 1990களின் நடுப்பகுதியிலிருந்து திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரிகள் காட்டும் முயற்சியை நடத்தி வந்தார். அதன் சிறிய வடிவம் என்று இதைக் கொள்ளலாம்.

கட்டணம் மாதம் 2000 ரூபா, இரண்டாம் பிள்ளைக்கு 1500. எனக்குக் கட்டும், கொழுந்து பறிக்கும் தாய்க்கு எப்படிக் கட்டும்? 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. பேருந்துக் காசையும் சேர்த்தால் இரண்டு நாள் மலையேறிய உழைப்பு. அந்தத் தாய்மாருக்குச் சொல்லக்கூடிய மாற்று இல்லாமலில்லை. பிரித்தானிய கவுன்சில் சிறுவர்களுக்காக நடத்தும் ஆங்கிலத் தளத்தில் சிறு கதைகளும் பாட்டுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்சடிக்கக்கூடிய பயிற்சித் தாள்களும் உண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் இருக்கின்றன. யூடியூப்பில் ஓட்டத்தின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்கும் வசதியிருப்பது பலருக்குத் தெரியாது. வேகமாகப் பேசும் காணொளிக்கு அது பெரிய உதவி. என் பாடசாலையில் இப்போது ஆங்கிலப் பாடவேளையைச் சித்திரத்துக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, என் கைத்தொலைபேசியில் இறக்கிய மூன்று நிமிடக் கதையொன்றை ஒரு மாதத்துக்கு வைத்துக்கொண்டு, இங்கே பார்த்ததைச் செய்து பார்க்கிறேன். ரிமோட் இல்லை, தொலைபேசியை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கட்டளையிடச் சொல்கிறேன். என் உச்சரிப்பு மோசம். அதைப் பதிவு பார்த்துக்கொள்கிறது.

ஒன்பது மாதத்தில் என்ன கிடைத்தது என்றால்: மகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாள், தெரியாததைத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள், மருமகன் வழி கேட்ட சுற்றுலாக்காரருக்கு நிலையத்துக்கு எந்தப் பக்கம் என்று காட்டினான். பாடசாலைத் தவணைப் பரீட்சையில் இருவருடைய ஆங்கிலப் புள்ளியும் ஏறக்குறைய முன்பிருந்ததுதான், ஏனென்றால் அங்கே கேட்பது எழுத்து, இங்கே சொல்லிக்கொடுப்பது பேச்சு. புள்ளிக்காகச் சேர்ப்பவர்கள் ஏமாறுவார்கள்.

ஜனவரியில் புதிய பிரிவு தொடங்குகிறது. பணம் கட்டுமுன் பாடம் நடத்துபவர் யார் என்று கேளுங்கள். கொட்டகலை டீச்சர் என்றால் கட்டுங்கள். ஒரு சனிக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்கிறார்கள். படிக்கட்டு கடையின் பின்புறம், ஒடுக்கமானது, மழை நாளில் வழுக்கும். சிறு பிள்ளையென்றால் கையைப் பிடித்து ஏற்றுங்கள்.